மீன் ஏணியா, அணையையே எடுப்பதா?

ஆற்றின் குறுக்கே அணை நிற்கிறது, மீன் மேலே போக முடியவில்லை. பக்கத்தில் மீன் ஏணி கட்டலாம், இல்லையென்றால் அணையையே எடுத்துவிடலாம்.

ஏணி என்பது படிப்படியாக அமைந்த சின்னத் தொட்டிகள். அணையில் நடக்கும் மின் உற்பத்தி நிற்காது. ஆனால் முட்டையிடக் கடலிலிருந்து ஆற்றுக்கு ஏறி வரும் சால்மன் போலத் துள்ளும் மீனுக்குத்தான் அது சரி, அடிமட்டத்தில் நீந்தும் பல இனங்கள் நுழைவாயிலைக் கண்டுபிடிக்காமலே திரும்பிவிடும். அப்புறம், குஞ்சுகள் கீழே வரும்போது மின்சாரம் எடுக்கச் சுழலும் டர்பைனில் சிக்குவது தனிக் கதை. அணைக்குப் பின்னால் தேங்கிய மணலுக்கும் கூழாங்கல்லுக்கும் ஏணி ஒன்றும் செய்யாது.

அணையை எடுத்தால் வண்டலும் நகரும். அமெரிக்காவின் எல்வா ஆற்றில் 2011 முதல் 2014 வரை இரண்டு அணைகளை எடுத்தார்கள், இறங்கி வந்த வண்டலில் முகத்துவாரத்தில் புதுக் கடற்கரையே உருவானது. அதே நாட்டின் கிளாமத் ஆற்றில் நான்கு அணைகளை அகற்றும் வேலை 2024-இல் முடிந்த சில வாரங்களிலேயே சால்மன் மேலே வந்துவிட்டது. ஆனால் வண்டலில் நச்சு உலோகம் இருக்கிறதா என்று சோதிக்காமல் இதில் இறங்கக் கூடாது, கலங்கல் நீரும் கொஞ்ச காலம் கீழே உள்ள உயிர்களைத் திணறடிக்கும்.

பயனற்றுக் கிடக்கும் பழைய அணை என்றால் எடுக்கத்தான் சொல்வேன். குடிநீர் தரும் அணைக்கு ஏணிதான், அதுவும் அங்குள்ள மீன்களின் நீந்தும் திறனை அளந்த பிறகு.