பட்டனைத் தட்டினால் இன்னொரு விண்டோ: டிகே-வா, டாப்லெவலா?

பைத்தானில் விண்டோ, பட்டன் எல்லாம் அமைக்க உதவும் டிகின்டர் பழகுகிறவர்கள் எல்லோரும் இந்த இடத்துக்கு வந்து நிற்பார்கள். முதல் விண்டோ தயார். ‘புதிய வாடிக்கையாளர்’ பட்டனை அழுத்தினால் இன்னொன்று திறக்க வேண்டும். கை தானாகப் போவது தெரிந்த வழிக்குத்தான்: முதல் விண்டோவை உண்டாக்கிய அதே டிகே, மறுபடி ஒன்று. விண்டோவும் திறந்துவிடும். அதுதான் வம்பே, திறக்காமல் இருந்தால் அப்போதே திருத்தியிருப்போம்.

ஒரு மளிகைக் கடைக்கு பில் போடும் நிரலில் நான் இப்படித்தான் மாட்டினேன். பெயர், போன் நம்பர் எல்லாம் அடித்துச் சேமித்தால் ஃபைலில் வெறும் காற்புள்ளிகள். பாதி ராத்திரி போனது. ஒவ்வொரு டிகே-யும் தனக்கென்று ஒரு டிசிஎல் இன்டர்பிரெட்டரை, அதாவது டிகின்டருக்கு அடியில் விண்டோ வேலைகளை நடத்துகிற நிரலை, கிளப்புகிறது. பெட்டியில் அடிப்பதைப் பிடித்து வைக்கும் ஸ்ட்ரிங்வார் எந்த விண்டோவுக்கு என்று சொல்லாவிட்டால், முதலில் பிறந்த டிகே-யோடு போய் ஒட்டிக்கொள்ளும். எழுதும் பெட்டியோ இரண்டாவதில். இங்கே அடித்தது அங்கே தெரியாது. படம் வைத்தால் ‘பைஇமேஜ்1 இல்லை’ என்று பிழை வருவதும் இதனால்தான்.

டாப்லெவல் அதே இன்டர்பிரெட்டருக்குள் திறக்கிற இன்னொரு விண்டோ. டிகே என்றிருந்ததை டாப்லெவல் ஆக்கி, தட்டல்களுக்குக் காத்திருக்கும் மெயின்லூப்பை இரண்டாவது தடவை எழுதியிருந்ததைத் தூக்கினேன். பெயர்கள் ஃபைலில் வந்து உட்கார்ந்தன. பட்டனை மூன்று தடவை தட்டினால் மூன்று விண்டோ திறக்கும்தான். கிராப்_செட் போட்டால், திறந்ததை மூடும்வரை பின்னால் இருப்பதைத் தொட முடியாது. ஒன்று மட்டும் கவனம்: முதல் விண்டோவை வித்ட்ரா செய்து ஒளித்துவிட்டு, மேலே இருப்பதைப் பயனர் பெருக்கல் குறியில் மூடினால், நிரல் கண்ணுக்குத் தெரியாமல் ஓடிக்கொண்டே இருக்கும்.

லாகின் முடிந்து முகப்புக்குப் போவது போன்ற வேலைக்குப் புது விண்டோவே வேண்டாம் என்பேன். இரண்டு ஃபிரேம்களை (விண்டோவுக்குள் வைக்கும் பலகைகள்) ஒரே கிரிட் கட்டத்தில் அடுக்கி, வேண்டியதை டிகேரைஸ் செய்து மேலே கொண்டுவந்தால் போதும். ஆனால் பில்லைப் பார்த்துக்கொண்டே வாடிக்கையாளர் விவரம் அடிக்க வேண்டுமென்றால் இது உதவாது, டாப்லெவல்தான்.

டிகின்டருக்குப் பதில் பைக்யூடி என்ற இன்னொரு விண்டோ நூலகத்தின் பக்கம் போனால் தொல்லை வேறு மாதிரி. புது விண்டோவை ஃபங்ஷனுக்குள் சாதாரண மாறியில் வைத்து ஷோ செய்தால், மின்னி மறைந்துவிடும். ஃபங்ஷன் முடிந்ததும் பைத்தான் அதைக் குப்பையில் போட்டுவிடுகிறது. செல்ஃப்-இல், அதாவது ஃபங்ஷன் முடிந்தாலும் இருக்கிற முதல் விண்டோவோடு, பிடித்து வைத்தால் நிற்கும்.

அப்புறம், டிகின்டரில், தட்டினால் என்ன செய்ய வேண்டும் என்று பட்டனுக்குச் சொல்லும் கமாண்ட் என்ற இடத்தில் ஃபங்ஷன் பெயரோடு அடைப்புக்குறியையும் சேர்த்து எழுதினால், நிரல் ஓடியதும் விண்டோ தானாகத் திறக்கும். பட்டனை எத்தனை தட்டினாலும் அசையாது.