போட் இன்ஜினுக்கு மாட்டின காம்போசிட் ஹெட் கேஸ்கெட் செட்

இன்ஜின் பிளாக்குக்கும் மேல மூடுற ஹெட்டுக்கும் நடுவுல கசியாம அடைக்குறதுதான் ஹெட் கேஸ்கெட், காம்போசிட்னா மெட்டலும் மெத்துன்னு இருக்குற பொருளும் சேந்த வகை. நாலு சிலிண்டர் டீசல் போட் இன்ஜினுக்கு இத மாட்டி ஒரு சீசன் ஓட்டியாச்சு, தாராளமா வாங்கலாம். ஓட்டையெல்லாம் பிளாக்கோட கரெக்டா பொருந்துச்சு, சிலிண்டர் வாய சுத்தி இருக்குற ஸ்டீல் வளையமும் நல்ல அழுத்தமா இருக்கு. பழைய கேஸ்கெட் கழட்டினப்ப தண்ணி போற ஓட்டை ஓரமா ஹெட்டே அரிச்சு குழி விழுந்திருந்துச்சு, அத ஃபேஸ் பண்ணி, அதாவது ஹெட்டோட அடிப்பரப்ப மெஷின்ல சமமா சீவி எடுத்துட்டுதான் மாட்டினேன், குழிய அப்படியே விட்டா எந்த கேஸ்கெட்டும் நிக்காது. போல்ட் ஓட்டைல எண்ணெயோ தண்ணியோ தேங்கியிருந்தா டார்க் (போல்ட்ட இறுக்குற விசையோட அளவு) தப்பா காட்டும், பிளாக்கே விரிசல் விடலாம், ஊதி சுத்தம் பண்ணிருங்க. போல்ட்டெல்லாம் நடுவுலருந்து வெளிய மூணு ஸ்டேஜா இழுத்து இறுக்கினேன்.

ஒரே குறை, கூட வந்த பேப்பர்ல ரீடார்க் (கொஞ்சம் ஓட்டினப்புறம் போல்ட்ட திரும்ப இறுக்குறது) பத்தி ஒரு வரி கூட இல்ல. இந்த வகை கேஸ்கெட் சூடாகி ஆறினதும் அமுங்கும், போல்ட் பிடி குறைஞ்சிரும். மேனுவல பாத்து, இன்ஜின் முழுசா ஆறினப்புறம், போல்ட் தலைல பெயின்ட் கோடு போட்டு ஒண்ணொண்ணா கால் சுத்து லூஸ் பண்ணி அதே வரிசைல திரும்ப இழுத்தேன், ரெண்டு போல்ட் கோட்ட தாண்டி நல்லாவே போச்சு. அப்புறம் டாப்பெட் கேப்பும் (வால்வுக்கும் அத தள்ளுற ராக்கருக்கும் நடுவுல விடுற இடைவெளி) மாறிரும், அதையும் செக் பண்ணுங்க. ஸ்ட்ரெச் போல்ட் (இறுக்கும்போதே கொஞ்சம் நீளுற மாதிரி செஞ்ச போல்ட்) இருக்குற இன்ஜின்னா மேனுவல் சொல்லாம கைய வைக்காதீங்க.