கடைத் தோட்டாவின் குண்டை உள்ளே தள்ளிப் பார்த்த மூன்று வருஷம்

ஊரில் இருந்தவரை திருவிழாவில் பலூன் சுடும் ஏர்கன்னைத் தவிர வேறு துப்பாக்கியைத் தொட்டதில்லை. டெக்சாஸ் வந்தபின், கூட வேலை பார்ப்பவர்களோடு காட்டுப்பன்றி வேட்டைக்குப் போய்ப் பழகி, .308 வின்செஸ்டர் என்ற தோட்டா அளவில் ஒரு போல்ட் ரைபிள் வாங்கினேன். வேட்டைக்கு அது தாராளம். ரேஞ்சில் 100 கெஜத்தில் காகிதத்தைச் சுட ஆரம்பித்ததும்தான் வியாதி பிடித்தது. ஐந்து குண்டில் நாலு, பழைய ஒரு ரூபாய்க் காசுக்குள் விழும். ஐந்தாவது மட்டும் கோபித்துக்கொண்டதுபோல் தனியாகப் போய் உட்காரும்.

மருந்தை நிறுத்துப் போட்டு, மருந்துக்குப் பொறி கொடுக்கும் ப்ரைமர் அடித்து, தோட்டாவை முழுசாக வீட்டில் செய்ய எனக்குப் பொறுமை கிடையாது. ரேஞ்சுக்கு வரும் பெரியவர் ஒருவர்தான், கடைத் தோட்டாவிலேயே குண்டைக் கொஞ்சம் உள்ளே இறக்கிப் பார் என்றார்.

சுட்டதும் குண்டு, மருந்து இருக்கும் பித்தளைக் கூடான கேஸின் கழுத்தைவிட்டுக் கிளம்பி, பேரலுக்குள் சுழலாக ஓடும் வரிகளைப் பிடிப்பதற்கு முன் சின்னதாக ஒரு தாவு தாவுகிறது. அந்தத் தாவல் எவ்வளவு, குண்டு எவ்வளவு நேராகப் போய் வரியில் நுழைகிறது என்பதைப் பொறுத்துக் குரூப், அதாவது காகிதத்தில் குண்டுகள் விழும் வட்டம், விரியும், சுருங்கும். கூர்மூக்கு நீளக் குண்டுகள் இதில் ரொம்பத் தொட்டாற்சிணுங்கி. நான் சுடும் 168 கிரெயின் எடையுள்ள மேட்ச் (போட்டிக்கான) குண்டு அவ்வளவு பிகு பண்ணாது. குண்டை வெளியே இழுத்து வரிக்குப் பக்கத்தில் கொண்டுபோகலாமே என்று முதலில் ஆசைப்பட்டேன். அளந்து பார்த்தால், என் ரைபிளின் தொண்டை, அதாவது வரி தொடங்கும்முன் இருக்கும் இடம், ஏகப்பட்ட நீளம். .308-க்குத் தரநிர்ணயப்படி முழுத் தோட்டாவின் உச்ச நீளம் 2.810 இன்ச். வரியைத் தொடும் அளவுக்கு இழுத்தால் தோட்டா, துப்பாக்கியில் தோட்டா அடுக்கும் மேகசினுக்குள் போகாது. ஆக உள்ளே தள்ளுவது ஒன்றுதான் வழி.

ஒரு சமயத்தில் ஒரு வேலை மட்டும் செய்யும் கைப்பிடி பிரஸ், குண்டை இறக்கும் மைக்ரோமீட்டர் வைத்த சீட்டிங் டை, நீளம் அளக்கும் டிஜிட்டல் காலிப்பர், குண்டின் வளைவிலிருந்து அளக்க அதில் மாட்டும் கம்பேரேட்டர் எல்லாம் வாங்கினேன். கம்பேரேட்டர் இல்லாமல் இறங்காதீர்கள். மேட்ச் குண்டின் நுனி ஒவ்வொன்றும் ஒரு மாதிரி பிசிறாக இருக்கும். நுனியிலிருந்து அளந்தால் ஏமாந்துபோவோம். வரியைத் தொடப்போகும் குண்டின் வளைவிலிருந்து அளக்க வேண்டும். அப்படி அளந்ததில் முதல் பெட்டியின் 20 தோட்டாவுக்குள்ளேயே 8 தௌ வித்தியாசம். தௌ என்றால் இன்ச்சில் ஆயிரத்தில் ஒரு பங்கு.

எனக்குக் கண் திறந்தது காலிப்பரில் இல்லை, பிரஸ் கைப்பிடியில். முதல் தோட்டாவுக்குக் கைப்பிடி வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல் இறங்கியது. அடுத்தது அசையவே இல்லை. கொஞ்சம் அழுத்தியதும் ‘டக்’ என்று விட்டுக்கொடுத்தது. ஒரே பெட்டி, ஒரே லாட் (ஒரே தயாரிப்புத் தொகுதி). கழுத்து ஒரு குண்டை இறுக்கிப் பிடித்திருக்கிறது, இன்னொன்றைச் சும்மா தாங்கிக்கொண்டிருக்கிறது. தனியாகப் போன அந்த ஐந்தாவது குண்டின் ஞாபகம் அப்போதே வந்துவிட்டது.

5, 10, 20, 30 தௌ என்று தள்ளிச் சுட்டேன். 20 தௌவில் மூன்று குண்டு 0.4 இன்ச்சுக்குள் விழுந்தது. படம் எடுத்து நண்பர்களுக்கெல்லாம் அனுப்பினேன். அடுத்த மாதம் அதே அளவில் 1.3 இன்ச்! மூன்று குண்டு குரூப்பை நம்பியவன் லாட்டரிச் சீட்டை நம்பியவன் மாதிரிதான். பிறகு பத்துப் பத்தாகச் சுட்டு, தொடாததையும் தள்ளியதையும் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்ததில், தொடாதது சராசரி 1.7 இன்ச், தள்ளியது 1.4 இன்ச். அந்த 1.4-ம் 10 தௌ தள்ளினாலும் 30 தள்ளினாலும் கிட்டத்தட்ட மாறவில்லை. அதாவது என் ரைபிளில் ஆழம் பெரிய விஷயமே இல்லை. கழுத்தின் பிடியை ஒருமுறை உடைத்துவிட்டதுதான் வேலை செய்திருக்கிறது என்பது என் கணிப்பு.

ஒரு தடவை வேட்டைத் தோட்டாவையும் தள்ளப் பார்த்தேன். அதன் குண்டில் ஓடும் பள்ளத்தில் கேஸின் வாய் மடித்துக் கடித்திருந்ததைக் கவனிக்கவில்லை. குண்டு இறங்குவதற்குப் பதில் கேஸின் தோள் பிதுங்கிவிட்டது. கண்ணுக்குச் சரியாகத்தான் தெரிந்தது. தோட்டா உட்காரும் சேம்பருக்குள் போட்டால் போல்ட் மூடவில்லை. பலவந்தமாக மூடாமல் இருந்தேனே, அந்த மட்டும் புத்தி இருந்தது. இப்படி வாய் மடித்துக் கடித்த, கிரிம்ப் செய்த தோட்டாவைத் தொடவே கூடாது. மற்றதிலும் எல்லை உண்டு: குண்டு இறங்க இறங்க உள்ளே இடம் குறையும், அழுத்தம் ஏறும். நான் 30 தௌவைத் தாண்டியதில்லை. தள்ளிய தோட்டாவுக்குக் கம்பெனி எந்தப் பொறுப்பும் ஏற்காது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பிரஸ், டை, காலிப்பர் எல்லாம் சேர்த்துச் செலவழித்த காசுக்கு எத்தனையோ பெட்டி தோட்டா வாங்கிச் சுட்டுப் பழகியிருக்கலாம் என்று வீட்டில் சொன்னார்கள். மறுத்துப் பேச முடியவில்லை. இரண்டாம் வருஷம் தினமும் ராத்திரி பத்து நிமிஷம் வெறும் ரைபிளில் டிரிகர் இழுத்துப் பழகியதில் குரூப் சுருங்கியது இதைவிட அதிகம்.

இப்போது ஒரே லாட் நம்பரில் பத்துப் பெட்டி சேர்த்து வாங்குகிறேன். முதல் பெட்டியில் நாலைந்தைப் பிரஸ்ஸில் வைத்துப் பார்ப்பேன். கைப்பிடி ஒரே மாதிரி இறங்கினால் மீதியை அப்படியே விட்டுவிடுவேன். மாறி மாறி இறங்கினால் மட்டும் எல்லாவற்றையும் 10 தௌ தள்ளுவேன். போன மாதம் வந்த லாட்டில் எல்லாமே ஒரே மாதிரி இறங்கின. பிரஸ்மேல் துணியைப் போட்டு மூடிவிட்டேன்.