குரோ லைட் (வீட்டுக்குள்ள செடி வளர்க்கப் போடற விளக்கு) ரிப்பேருக்குக் கொடுக்கிறவங்க தயவுசெய்து படிங்க, எனக்கு 11,500 ரூபாய் போச்சு

நேத்து ராத்திரிதான் முழு விஷயமும் தெரிஞ்சுது. இன்னும் ஆத்திரம் அடங்கல. கோர்வையா இல்லைன்னா பொறுத்துக்கங்க.

கோயம்புத்தூர்ல எங்க வீட்டுப் பின்னறையில முள்ளங்கி, கடுகு, சூரியகாந்தி மைக்ரோகிரீன்ஸ் (முளைச்ச கொஞ்ச நாள்லயே அறுக்கற பிஞ்சுக் கீரை) வளர்த்து ரெண்டு ஹோட்டலுக்கும் ஒரு ஜிம்முக்கும் கொடுக்கறேன். 2020ல வாங்கின ஆறு எல்.ஈ.டி. குரோ லைட், ஊதா வெளிச்சம் அடிக்கிற பழைய வகை. போன மாசம் அதுல ரெண்டு எரியாம நின்னுபோச்சு. ரிப்பேர் பண்றதா, தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்கறதான்னு ஒரு வாரம் மண்டையை உடைச்சுக்கிட்டேன். ஓட ஓட எல்.ஈ.டி. வெளிச்சம் குறையும்னு தெரியும். ஆனா மத்த நாலுக்குக் கீழயும் முள்ளங்கி ஜம்முனு நிமிர்ந்து நின்னுச்சு. அதனால ரிப்பேரே பண்ணிரலாம்னு எல்.ஈ.டி., இன்வெர்ட்டர் சர்வீஸ் பண்ற ஒரு கடைக்குப் போனேன்.

அந்தத் தம்பி என் கண்ணு முன்னாடியே ஒரு லைட்டைக் கழட்டி, டிரைவரோட ஒயரை எடுத்துவிட்டு மீட்டரை வெச்சுக் காட்டினான். டிரைவர்னா எல்.ஈ.டி.க்குப் போற கரண்டை அளவா அனுப்புற பெட்டி. "பாருங்க்கா, ஜீரோ. டிரைவர் செத்துருச்சு. அஞ்சு வருசம் ஆச்சுல்ல, மத்ததும் இன்னைக்கோ நாளைக்கோதான். ஆறையும் ஒண்ணா மாத்திரலாம்"னான். யோசிச்சேன். "உங்ககிட்டப் பொய் சொல்லி நான் என்னக்கா பண்ணப் போறேன்? எங்கம்மாவும் மாடியில செடி வெச்சிருக்காங்க"ன்னான். அந்த ஒரு வார்த்தையில விழுந்துட்டேன். வீட்டுக்காரருக்கு அனுப்ப அந்த மீட்டரை ஒரு போட்டோவும் எடுத்தேன். ஒரு டிரைவர் 1,750 வீதம் ஆறுக்கு 10,500, கூலி 1,000. மொத்தம் 11,500 ரூபாய். பில் கேட்டதுக்கு, "ஜி.எஸ்.டி. சேரும்க்கா, உங்களுக்கு எதுக்கு வீண் செலவு"ன்னான்.

திரும்ப வாங்கிட்டு வரும்போதே லைட்டு கையில எடை கம்மியா இருந்துச்சு. அங்கயே கேட்டிருக்கணும். வீட்ல மாட்டினதும் ஆறும் எரிஞ்சுது, ஆனா வெளிச்சம் மந்தம். அஞ்சாவது நாள் முள்ளங்கி நூலாட்டம் வெளுத்து நீண்டு தட்டுலயே சாஞ்சுருச்சு. ரெண்டு லைட்டு கண் சிமிட்ட ஆரம்பிச்சுது.

போன் பண்ணினா, "புது டிரைவர் செட்டாக நாலு நாள் ஆகும்க்கா." நாலு நாள் கழிச்சு வாய்ஸ் மெசேஜ் போட்டேன், நீல டிக் வந்துச்சு, பதில் வரல. நேர்ல போனா கடைப் பையன் "அண்ணன் சைட்டுக்குப் போயிருக்காரு"ன்னான். மூணாவது தடவை ஆளைப் பிடிச்சேன். "லைட்டோட ஆயுசே முடிஞ்சுதுக்கா, தூக்கிப் போடுங்க. புதுசு இருக்கு, விலை போட்டுத் தரேன்." நல்லா எரிஞ்ச நாலு லைட்டையும் சேர்த்துத்தான் அவன்கிட்டக் கொடுத்தேன்!

நேத்து சித்தி மகன் வந்தான், பாலிடெக்னிக்ல எலக்ட்ரானிக்ஸ் படிக்கறவன். அணைஞ்சு போயிருந்த ரெண்டு லைட்டைத் திறந்தான். ரெண்டுலயும் ஒரே ஒரு எல்.ஈ.டி. நடுவுல கடுகு அளவுக்குக் கறுப்புப் புள்ளி. அது மேல ஒரு சின்னக் கம்பித் துண்டு, ரெண்டு பக்கமும் புதுசா ஈயம் பத்த வெச்சிருக்கு. இந்த லைட்டுல எல்.ஈ.டி. எல்லாம் ஒரே வரிசையில கோத்திருக்கும், ஒண்ணு அத்துப்போனா வரிசையே அணைஞ்சுரும். கோளாறு அங்கதான்னு தெரிஞ்சுதான் அவன் கம்பி போட்டிருக்கான். அதோட வேலை முடிஞ்சுது, டிரைவரைத் தொடவே வேண்டியதில்லை.

அப்புறம் என் போட்டோவைப் பெருசு பண்ணிப் பார்த்தோம். டிரைவர்ல இருந்து வர்றது டி.சி., ஒரே திசையில ஓடற கரண்டு. மீட்டர் திருகு நிக்கறது ஏ.சி.யில, அதாவது வீட்டு பிளக்குல வர்ற மாதிரி கரண்டை அளக்கற இடத்துல! ஜீரோ காட்டினது அதனாலதான். அதே போட்டோவுல என் பழைய டிரைவரோட லேபிள், 600 மில்லி ஆம்பியர். இப்ப உள்ள இருக்கற பிளாஸ்டிக் டப்பாவுல 300. பாதிக் கரண்டு, அதான் வெளிச்சம் செத்துக் கிடக்கு. என்னோட கனமான அலுமினியப் பெட்டி ஆறையும் எடுத்துக்கிட்டு, 11,500 ரூபாயும் வாங்கியிருக்கான். பழைய டிரைவரைக் கேட்டா "ஸ்கிராப்புக்குப் போயிருச்சு"ங்கறான்.

எது ரிப்பேர், எது குப்பைன்னு விவரமா எழுதணும்னுதான் உக்காந்தேன், இப்ப முடியல. அவசரத்துக்கு இவ்வளவுதான். ஒண்ணு ரெண்டு எல்.ஈ.டி. மட்டும் போயிருந்தா தூக்கிப் போடாதீங்க. எல்.ஈ.டி. பதிச்ச போர்டு முழுக்கக் கருகியிருந்தா செலவு பண்ணாதீங்க. எரியற லைட்டைச் சேர்த்துக் கொடுக்கவே கொடுக்காதீங்க. கொடுக்கறதுக்கு முன்னாடி டிரைவர் லேபிளைப் போட்டோ எடுங்க, கழட்டின பழைய பாகத்தைக் கையோட வாங்குங்க, பில் இல்லாம காசு கொடுக்காதீங்க. பிளக்கைப் பிடுங்காம நீங்களா திறக்காதீங்க, பிடுங்கின பிறகும் உள்ள கொஞ்ச நேரம் கரண்டு நிக்கும்.

பணம் ஜிபேயில அனுப்பினதுக்கு ஸ்கிரீன்ஷாட் இருக்கு. காலையில 1915 நுகர்வோர் உதவி எண்ணுக்குப் பேசிட்டு, அந்தப் போட்டோவைப் பிரிண்ட் எடுத்துக்கிட்டு மறுபடியும் கடைக்குப் போறேன்.