வாசல் கதவின் பழைய பெயின்ட்டை எடுக்க எது தேவலை: ஹீட் கன்னா, ரிமூவரா, உப்புத்தாளா?

எங்கள் வாசல் கதவில் ஐந்து பூச்சு இருந்தது. தாழ்ப்பாளைக் கழற்றியபோது ஓரத்தில் ஒரு சில்லு பெயர்ந்து வந்தது. மேலே பச்சை, அதன் கீழே பழுப்பு, சாம்பல், மறுபடியும் ஒரு பச்சை, அடியில் வெள்ளை பிரைமர் என்று அடுக்கடுக்காகத் தெரிந்தது. இன்னொரு கோட் அடித்தால் கதவு நிலைக்குள் அடங்காது. மொத்தத்தையும் எடுத்துவிடுவது என்று இறங்கினேன். மேல் பலகையில் உப்புத்தாள், கீழ்ப் பாதியில் பெயின்ட்டை இளக்கும் ரசாயனமான ரிமூவர், மிச்சம் முழுக்கச் சூடான காற்றை ஊதும் ஹீட் கன் என்று ஒரே கதவில் மூன்றையும் பார்த்தாகிவிட்டது. வாசல் கதவுக்கு ஹீட் கன்னும் ஸ்கிரேப்பரும்தான் என்பேன்.

எதில் இறங்கினாலும் முதலில் ஈயச் சோதனை. பழைய எண்ணெய் பெயின்ட்டுகளில் ஈயம் இருக்க வாய்ப்பு அதிகம், அது குழந்தைகளின் மூளை வளர்ச்சியையே பாதிக்கும். ஈயம் இருந்தால் காய்ந்த பெயின்ட்டை உப்புத்தாளால் தேய்க்கவே கூடாது. கண்ணுக்குத் தெரியாத தூள் வீடு முழுக்கப் படிந்துவிடும். பயிற்சி பெற்றவர்களிடம் விட்டுவிடுவது நல்லது. என் கதவில் ஈயம் இல்லை என்று தெரிந்த பிறகுதான் கை வைத்தேன்.

உப்புத்தாளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. தேய்க்கும் மெஷின் சூட்டில் பெயின்ட் இளகித் தாளை அடைத்துக்கொள்கிறது, பலகையின் கூரான ஓரங்கள் மழுங்குகின்றன, சித்திர வேலைப் பள்ளங்களுக்குள் அது எட்டுவதே இல்லை. கடைசியாக மரத்தை வழவழப்பாக்க 80, பிறகு 120 நம்பர் தாள் போதும்.

ரிமூவரை அப்படித் தள்ளிவிட முடியாது. பள்ளங்களைச் சுத்தம் செய்ய அதை மிஞ்ச ஆள் இல்லை. தடிமனாக அப்பி, பாலிதீன் தாளால் மூடிவிட்டுப் பொறுமையாகக் காத்திருந்தால் மூன்று நான்கு பூச்சும் கூழாகிச் சேர்ந்து வரும். வாங்கும்போது டப்பாவைப் படியுங்கள். மெத்திலீன் குளோரைடு கலந்தது வேகமாக வேலை செய்யும். ஆனால் மூடிய அறையில் அதன் ஆவி உயிரையே எடுத்திருக்கிறது. அமெரிக்காவில் 2019 முதல் பெயின்ட் எடுப்பதற்காக அதைப் பொதுமக்களுக்கு விற்கத் தடை. பென்சைல் ஆல்கஹால் வகைக்கு மணிக்கணக்கில் நேரம் பிடிக்கும், ஆனாலும் நான் அதைத்தான் எடுத்தேன்.

என்னைத் திருப்பியது வேறு விஷயம். மற்ற கதவுகளைக் கழற்றி நாலு நாள் சாய்த்து வைக்கலாம். வாசல் கதவு இருட்டுவதற்குள் நிலையில் ஏறி, பூட்டியாக வேண்டும். ரிமூவர் போட்ட அன்று மாலை கீழ்ப் பாதி இன்னும் ஈரம். டப்பாவில் சொன்னபடி தண்ணீர் விட்டுக் கழுவியதில் மரத்தின் நார் சிலிர்த்து எழுந்துவிட்டது. அடிச்சட்டம் உப்பி வாசற்படியில் உரசியது, தோளால் முட்டித்தான் சாத்தினேன். காலையில் பார்த்தால் சட்டமும் பலகையும் சேரும் இடுக்கிலிருந்து பழுப்பாக ஒரு கசிவு. இடுக்கில் புகுந்த ரிமூவர் சாவகாசமாக வெளியே வந்திருக்கிறது. அதன் மேல் பிரைமர் அடித்திருந்தால் உரிந்துதான் போயிருக்கும். டர்பன்டைனால் இரண்டு முறை துடைத்து, காய்வதற்காகவே மூன்று நாள் காத்திருந்தேன்.

ஹீட் கன்னில் இந்தத் தொல்லை இல்லை. முனையை நாலு விரல் தள்ளிப் பிடித்து, நிறுத்தாமல் நகர்த்திக்கொண்டே போனால் பெயின்ட் கொப்புளித்து எழும். அந்த நொடியில் ஸ்கிரேப்பரை மரத்தின் ரேகை போகும் திசையிலேயே தள்ள வேண்டும். ஐந்து பூச்சும் ஒரே பட்டையாகச் சுருண்டு வரும். சற்றுத் தாமதித்தால் ஆறி ஒட்டிக்கொள்ளும், சற்று அவசரப்பட்டால் பிசின் மாதிரி இழுக்கும். எந்த நேரத்தில் நிறுத்தினாலும் மரம் காய்ந்த மரமாகவே இருக்கிறது. சுரண்டிய பகுதியைத் தேய்த்து அன்றே பிரைமர் அடித்து, இருட்டுவதற்குள் கதவைப் பூட்டினேன்.

சூட்டைக் குறைவாக வையுங்கள். சுமார் 590 டிகிரி செல்சியஸுக்கு மேல் போனால் ஈயப் பெயின்ட்டிலிருந்து நச்சுப் புகை கிளம்பும் ஆபத்து இருக்கிறது, மரமும் கருகும். கண்ணாடி பதித்த கதவானால் அந்த ஓரத்துக்கு ரிமூவர்தான், சூட்டில் கண்ணாடி விரிசல் விட்டுவிடும். சுரண்டிய துண்டுகளைத் தகர டப்பாவில் போட்டு ஆறவிடுங்கள். வேலை முடிந்து ஒரு மணி நேரம் கழித்து இடுக்குகளை மறுபடி பாருங்கள், உள்ளே கனன்றுகொண்டிருக்கலாம்.

காஸ்டிக் சோடாத் தொட்டியில் முக்கி எடுப்பதை நானே செய்து பார்க்கவில்லை. அப்படி வந்த ஒரு கதவைக் கையால் ஆட்டிப் பார்த்திருக்கிறேன், பசை விட்டுப்போய்ப் பொருத்துகள் ஆடின. கதிர்வீச்சால் பெயின்ட்டைச் சூடாக்கும் இன்ஃப்ராரெட் கருவியை ஒரு மதியம் மட்டும் இரவல் வாங்கிப் பிடித்தேன். சமமான பலகையில் அருமையாக வேலை செய்தது, பள்ளத்தில் பயன்படவில்லை. அரை நாள் அனுபவத்தை வைத்து அதை ஒதுக்கிவிட மாட்டேன்.

நான் திரும்பவும் பெயின்ட்தான் அடித்தேன். வார்னிஷ் அடித்து ரேகையைக் காட்டப் போகிறீர்கள் என்றால் என் பேச்சை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். ஹீட் கன் ஒரு நொடி நின்ற இடத்தில் கைரேகை அளவுக்கு ஒரு கருக்கல் விழுந்திருக்கும், பெயின்ட் அதை மறைக்கும், வார்னிஷ் மறைக்காது.