நிக்கார் 200-500 லென்ஸும் இருங்காட்டுக்கோட்டை வளைவுகளும்: மூன்று ஆண்டு அனுபவம்

பைக் பந்தயங்களைப் படமெடுக்கத் தொடங்கிய முதல் நாளில் நான் பெருமையோடு நீட்டிய படத்தைப் பார்த்த இளம் வீரர், "அண்ணா, வண்டி நின்றுகொண்டிருக்கிறதே!" என்றார். படம் மிகக் கூர்மையாகத்தான் இருந்தது. ஷட்டர் வேகம், அதாவது கேமரா ஒளியை உள்ளே விடும் நேரம், 1/2000 நொடி. சக்கரத்தின் கம்பிகளை ஒவ்வொன்றாக எண்ணலாம். நேர்பாதையில் சாயாமல் வந்த வண்டி என்பதால், ஸ்டாண்டு போட்டு நிறுத்தி யாரோ ஏறி உட்கார்ந்ததைப் போலவே இருந்தது. அந்தச் சொல் எனக்குப் பெரிய உதவி செய்தது. இல்லையென்றால் இன்னும் கூர்மையைத் துரத்திக்கொண்டே இருந்திருப்பேன்.

என்னிடம் இருப்பவை நிக்கான் டி7200 கேமராவும் நிக்கார் 200-500 மி.மீ. எஃப்/5.6 லென்ஸும். இரண்டும் 2015-இல் வெளிவந்தவை. நான் இரண்டையும் பழையதாகவே வாங்கினேன். படம் எடுக்கும் இடம் பெங்களூரு நெடுஞ்சாலையில், ஸ்ரீபெரும்புதூருக்குச் சற்று முன்னால் இருக்கும் இருங்காட்டுக்கோட்டைத் தடம். 1990-இல் திறக்கப்பட்டது, ஒரு சுற்று 3.7 கி.மீ. அதற்கு முன் சோழவரம் விமான ஓடுதளத்தில் நடந்த பந்தயங்களைப் பற்றிப் பெரியப்பா சொல்லிச் சொல்லித்தான் எனக்கு இந்த ஆசையே வந்தது.

படத்தில் வண்டி ஏன் நின்றதைப் போல இருந்தது என்று வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் ஒரு வண்டி நொடிக்கு ஏறக்குறைய 28 மீட்டர் ஓடுகிறது. 1/2000 நொடியில் அது நகர்வது ஒன்றரை சென்டிமீட்டர்கூட இல்லை. சக்கரம் சுழல்வது 3 டிகிரிக்கும் குறைவு. 1/100 நொடி என்றால் அதே சக்கரம் 50 டிகிரி சுழன்றுவிடும். கம்பிகள் கரைந்து வட்டமாகும். அந்த நேரத்தில் கேமராவும் வண்டியோடு சேர்ந்து திரும்பினால் வீரர் தெளிவாக நிற்பார், பின்னால் இருக்கும் வேலியும் புல்லும் கோடுகளாக ஓடும். பேனிங் என்பது இதுதான்.

சொல்ல எளிது, கைக்கு வர ஓராண்டு ஆனது. தடத்தில் பந்தயம் இல்லாத வாரங்களில் எங்கள் தெரு முனைப் பேருந்து நிறுத்தத்துக்குள் நின்றுகொண்டு முதலில் மாநகரப் பேருந்துகளையும், பிறகு ஆட்டோக்களையும், கடைசியாக ஸ்கூட்டர்களையும் எடுத்துப் பழகினேன். பாதங்களை வண்டி வரும் திசைக்கு வைக்கக் கூடாது; படம் எடுக்க நினைக்கும் இடத்துக்கு நேராக வைத்து, இடுப்பை மட்டும் திருப்பிக் காத்திருக்க வேண்டும். பொத்தானை அழுத்திய பிறகும் திருப்பத்தை நிறுத்தக் கூடாது. பந்தை விட்டபின் பந்துவீச்சாளரின் கை எப்படிச் சுழன்று முடிகிறதோ, அப்படி முடிய வேண்டும். தொடக்கத்தில் 1/125-இல் 100 படங்களுக்கு மூன்று தேறின. இப்போது 1/80-இல் பத்துக்கு ஒன்று தேறுகிறது. எனக்கு அது போதும்.

நிற்கும் இடமும் பாதி வேலையைச் செய்கிறது. வளைவின் உட்புறத்தில் நின்றால், வண்டி நம்மைச் சுற்றி வருவதைப் போல ஏறத்தாழ ஒரே தூரத்தில் கடக்கும். முன்சக்கரம் முதல் பின்சக்கரம் வரை தெளிவு கிடைக்கும். வண்டி நம்மை நோக்கிச் சாய்ந்து வரும்போது மட்டும் நான் 1/1000-க்குப் போகிறேன். அங்கே முழங்கால் தரையை உரசும் சாய்வே வேகத்தைச் சொல்லிவிடுகிறது.

இனி லென்ஸ். இதில் என்னை மிகவும் குழப்பியது கூர்மைதான். 500 மி.மீ.-இல் எடுத்த நண்பகல் படங்கள் எல்லாம் தண்ணீருக்குள் இருப்பதைப் போலக் குழைந்திருந்தன. லென்ஸில்தான் குறை என்று முடிவு செய்து, விற்கவும் துணிந்தேன். அதே லென்ஸில் காலை ஏழு மணிப் பயிற்சிச் சுற்றை எடுத்தபோது தலைக்கவசத்தின் கீறல்கள் வரை தெரிந்தன. குற்றவாளி தார்ச்சாலையிலிருந்து எழும் கானல். எங்கள் ஊர் வெயிலில் பத்து மணிக்கு மேல் நூறு மீட்டர் தாண்டிய எதையும் எந்த விலை லென்ஸும் தெளிவாகக் காட்டாது. காசு செலவழிக்கும் முன் இதைத் தெரிந்துகொள்ளுங்கள். நண்பகலில் நான் அருகில் கடக்கும் வண்டிகளை மட்டுமே எடுக்கிறேன்.

லென்ஸின் அதிர்வுக் கட்டுப்பாட்டில் 'ஸ்போர்ட்' நிலை இருக்கிறது. பேனிங்குக்கு அதையே வைத்திருக்கிறேன், வியூஃபைண்டரில் காட்சி துள்ளுவதில்லை. பார்வையாளர் பகுதியின் கம்பிவலை வழியாக எடுக்கும்போது ஃபோகஸை 6 மீட்டருக்கு அப்பால் மட்டும் என்று கட்டிவைக்கும் பொத்தான் கைகொடுக்கிறது. எடை 2.3 கிலோ, மோனோபாட் எனும் ஒற்றைக்கால் தாங்கி இல்லாமல் ஒரு மணி நேரம் தாங்காது. கேமரா நொடிக்கு 6 படம் எடுக்கும், ஆனால் சுருக்கப்படாத பெரிய 'ரா' (RAW) கோப்புகளாக எடுத்தால் மூன்று நொடிகளில் திணறிவிடும். அதனால் சிறு சிறு கொத்தாக அழுத்தப் பழகிக்கொண்டேன்.

பழைய லென்ஸ் வாங்குவோருக்கு ஒன்று. நான் முதலில் வாங்கிய வேறொரு லென்ஸில் பூஞ்சை இருந்தது. கடைக்காரர் சொல்லவில்லை, நானும் பார்க்கவில்லை. கைபேசி விளக்கைப் பின்பக்கம் பிடித்துச் சாய்த்துப் பாருங்கள், சிலந்தி நூல் போலத் தெரியும். சென்னைக் கடற்காற்றின் ஈரத்துக்கு, காற்றுப் புகாத அரிசி டப்பாவும் சிலிக்கா ஜெல்லும் ஒரு சிறிய ஈரப்பதமானியும் போதும். ஈரப்பதம் 40 முதல் 50 சதவீதத்துக்குள் நின்றால் கவலை இல்லை. மூன்று மழைக்காலங்கள் கடந்தும் லென்ஸ் சுத்தமாக இருக்கிறது.

மிச்சமிருக்கும் சிக்கல் வெளிச்சம். முழு வெயிலில் ஐஎஸ்ஓ எனும் ஒளியுணர்திறன் 100, ஷட்டர் 1/100 என்றாலே லென்ஸின் துளையை எஃப்/16 வரை சுருக்க வேண்டியிருக்கிறது. சென்சாரில் ஒட்டிய ஒவ்வொரு தூசியும் வானத்தில் கரும்புள்ளியாகத் தெரிகிறது. ஆகவே புதிய கேமரா ஆசையை ஒதுக்கிவைத்துவிட்டு, லென்ஸுக்குள் வரும் ஒளியைக் குறைக்கும் 95 மி.மீ. என்டி ஃபில்டர் ஒன்றுக்குக் காசு சேர்த்துக்கொண்டிருக்கிறேன். அது வந்தால் பகல் பந்தயங்களிலும் 1/30-ஐ முயன்று பார்க்கலாம்.