பழைய வீடியோ கேசட்டை டிஜிட்டலாக மாற்றக் கொடுக்கிறவர்கள் கவனம்: எனக்கு 14,500 ரூபாய் போச்சு

நேற்று சாயங்காலம் நடந்தது. ராத்திரி முழுக்கத் தூக்கம் இல்லை. இன்னொருவர் ஏமாறக் கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

1999-இல் பள்ளத்தூர் வீட்டில் எங்கள் அப்பச்சிக்கு (அப்பாவுக்கு) சாந்தி, அதாவது அறுபதாம் கல்யாணம், நடந்தது. அதை எடுத்த வீடியோ மூன்று விஎச்எஸ் கேசட். அப்பச்சி இப்போது இல்லை. ஆத்தாவுக்கு (அம்மாவுக்கு) அதை டிவியில் போட்டுக் காட்ட வேண்டும் என்று, காரைக்குடியில் கல்யாண வீடியோ எடுக்கிற ஒரு கடையில் கொடுத்தேன். அந்தத் தம்பி முதல் கேசட்டைத் துணியால் துடைத்து, பிளேயரில் போட்டார். அப்பச்சி யாரையோ "வாங்க, வாங்க" என்று கூப்பிடும் சத்தம் கேட்டது. எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. அவர் உடனே நிறுத்திவிட்டு, "இதெல்லாம் பொக்கிஷம் ஆச்சி, என் வீட்டுக் கேசட் மாதிரி பார்த்துக்கறேன். ஓரத்துல கறுப்புப் பட்டையே இல்லாம டிவி முழுக்க வரும்" என்றார். அந்த இடத்தில் நம்பினேன். முழுப் பணம் 14,500 ரூபாயையும் அப்போதே கொடுத்தேன்.

நேற்று பென்டிரைவை வாங்கி வந்து, சொந்தக்காரர்களை எல்லாம் வீட்டுப் பட்டாலையில் உட்கார வைத்துப் போட்டேன். எல்லாருக்கும் முகம் அகலமாக, உடம்பு குட்டையாக இருந்தது. வெள்ளித் தட்டு முட்டை மாதிரி தெரிந்தது. ஆத்தா கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இது உங்க அப்பச்சி மாதிரியே இல்லையே" என்று எழுந்து போய்விட்டார்கள்.

அந்தக் காலத்து கேசட் படம் 4:3 அளவு, அதாவது அகலம் 4 பங்கு என்றால் உயரம் 3 பங்கு. இப்போதைய டிவி 16:9. கேசட் படத்தை அப்படியே வைத்தால் 1920-க்கு 1080 புள்ளி உள்ள திரையில் நடுவே 1440 அகலத்துக்குத்தான் வரும், இரண்டு பக்கமும் 240 புள்ளி கறுப்பாக நிற்கும். அதுதான் சரி! இவர் பட்டையை மறைக்கப் படத்தை மூன்றில் ஒரு பங்கு இழுத்து அகலமாக்கியிருக்கிறார். இரண்டாவது கேசட்டில் இழுக்கவில்லை, மேலும் கீழும் சேர்த்துக் கால் பங்கை வெட்டிவிட்டார். அப்பச்சி ஆத்தாவுக்குக் கழுத்தூரு (எங்கள் பக்கத்துத் தாலி) பூட்டும் இடம் அதில்தான் இருக்கிறது. ஆத்தா கழுத்து தெரிகிறது, நின்றுகொண்டு பூட்டுகிற அப்பச்சிக்குத் தலையே இல்லை.

உடனே போன் செய்தேன். "உங்க டிவி செட்டிங் ஆச்சி, 4:3-னு மாத்துங்க." மாற்றினேன். இழுத்த பகுதி சரியானது, வெட்டிய பகுதியில் எல்லாரும் ஒல்லிக்குச்சி ஆனார்கள். இரண்டையும் ஒரே ஃபைலில் சேர்த்துவிட்டு டிவியைக் குறை சொல்கிறார்! மறுபடி கூப்பிட்டால் கடைப் பையன், "அண்ணன் முகூர்த்தத்துக்குப் போயிருக்காங்க" என்றான். இன்று காலை நேரிலேயே போனேன். கேசட்டிலிருந்து எடுத்த மூலப் பதிவைக் கேட்டால் அழித்துவிட்டாராம். மறுபடி செய்ய இன்னும் 6,000 கேட்கிறார். அதைவிடக் கொடுமை, இரண்டாவது கேசட்டில் நாடா அறுந்திருக்கிறது. "பழசு இல்லையா ஆச்சி" என்று சாதாரணமாகச் சொல்கிறார். 14,500 ரூபாய் கொடுத்தது இதற்கா?

எப்படிக் கொடுக்க வேண்டும் என்று விவரமாக எழுத நினைத்தேன், இப்போது மனசு ஓடவில்லை. முழுப் பணத்தை முதலில் கொடுக்காதீர்கள். ஐந்து நிமிட மாதிரிப் பதிவு வாங்கி உங்கள் வீட்டு டிவியில் போட்டு, தட்டு, குடம், பொட்டு வட்டமாக இருக்கிறதா பாருங்கள். இழுக்கவும் வேண்டாம், வெட்டவும் வேண்டாம் என்று பில்லிலேயே எழுதி வாங்குங்கள். மூலப் பதிவை ஹார்டு டிஸ்கில் கையில் வாங்காமல் மீதிப் பணம் தராதீர்கள்.

அறுந்த நாடாவை ஒட்டத் தெரிந்தவர் மதுரையிலோ திருச்சியிலோ யாராவது இருந்தால் சொல்லுங்கள். ஆத்தாவுக்கு வயது 82.